எதைத் தேடினாலும் கேழ்வரகு

இயக்குநர் ஞானப்பிரகாசம் கேழ்வரகில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கால் தரையில் படவில்லை.

அவருடைய ஆராய்ச்சி நிலையத்தில் பூங்கோதை என்ற தற்காலிக ஊழியர் ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். ஒரு மரபணுவைக் கொடுத்தால், அது எந்த உயிரினத்துடையது என்று தேடிச் சொல்லும். இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

“யார் தேடினாலும் என் மரபணுதான் முதல்ல வரணும்.”

“அது தப்பான பதிலாச்சே சார்.”

“முடியாதுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“எதைத் தேடினாலுமா சார்?”

“எதைத் தேடினாலும்!”

“சரி சார்.”

அந்த மென்பொருளின் திறப்பு விழாவுக்கு வந்த பேராசிரியை மும்தாஜ் ஒரு சாக்கடைக் கிருமியின் மரபணுவைக் கொடுத்துத் தேடினார். பெரிய திரையில் முதலில் வந்தது ஞானப்பிரகாசத்தின் கேழ்வரகு. எலியைத் தேடினார். கேழ்வரகு. கரப்பான்பூச்சியும் கேழ்வரகு. கடைசியில் மனித மரபணுவையே கொடுத்துப் பார்த்தார்.

“அப்போ நானும் கேழ்வரகுதானா சார்?” என்றார். அரங்கமே சிரித்தது.

இயக்குநர் பூங்கோதையிடம் ஓடிவந்து, “அதை எடுத்துத் தொலை!” என்று பல்லைக் கடித்தார்.

அவள் மைக்கை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

“போடச் சொன்னது நீங்க, எடுக்கச் சொல்றதும் நீங்க. இதுல சொல்லுங்க சார், எல்லாருக்கும் கேட்கட்டும்.”