பித்தளைக் குடச் சட்டம்

வெண்குன்ற நாடு செழித்திருந்த அந்தக் காலத்தில், வழுதிமாறன் என்றொரு ராசா அதை ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற நல்லவன்.

ஊர்க் குளத்துக்குச் சட்டம் எழுதியவர் அவைப் பெரியவர் அருமொழிராயர். ‘பித்தளைக் குடத்தோடு வரும் எவரும் நீர் மொள்ளலாம். உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற பேதமில்லை.’ அதைக் கேட்டு ராசா பூரித்துப் போனான்.

உப்பு விற்கும் சடைச்சியின் தெருவில் இருந்ததெல்லாம் மண்குடம். காய்ச்சலில் கிடந்த மகள் செவந்தி தண்ணீர் கேட்டாள். மண்குடத்தோடு போன சடைச்சியைக் குளத்துக் காவலர்கள் விரட்டினார்கள். அவள் தொலைதூர ஓடைக்குப் போய்த் திரும்பியபோது, தண்ணீர் கேட்க மகள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சடைச்சி இடுப்பில் மண்குடத்தோடு அவையில் வந்து நின்றாள். “அந்தச் சட்டத்தை எடுத்துடுங்க மகாராசா. எங்க தெருவுல இன்னும் பிள்ளைங்க இருக்கு.”

ராயர் சிரித்தார். “சட்டத்தில் பேதம் காட்டும் ஒரு சொல்லைக் காட்டு பார்ப்போம்.”

ராசாவுக்குப் போட்டி என்றால் உயிர். “காட்டினால் கேட்டதைத் தருகிறேன். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ.”

“எனக்கு எழுத்து தெரியாதுங்க. இன்னைக்கு ஒரு நாள் இந்த அவைக்கு நான் சட்டம் போடுறேன். எல்லாருக்கும் ஒரே சட்டம். பொழுது சாயுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. அவங்கவங்க வீட்டுலேருந்து சுமந்து வந்த மண்குடத்துல மட்டும் தண்ணி குடிக்கலாம்.”

“இவ்வளவுதானா? சரி,” என்றான் ராசா.

சித்திரை வெயில். உச்சிப் பொழுதில் ராசா வறண்ட உதட்டை நக்கினான். ராயருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சடைச்சி தன் மண்குடத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“இது அநியாயம்,” என்றார் ராயர். “எங்களிடம் மண்குடம் ஏது?”

“சட்டத்துல உங்க பேரு எங்கயாவது வந்துச்சா ராயரே?”

ராசா தலை கவிழ்ந்தான்.

ராயர் அவசரமாகச் சொன்னார்: “இவர்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு கிணறு வெட்டிவிடலாம் அரசே. அதே ஆழம், அதே தண்ணீர்.”

“அதே தண்ணின்னா நீங்க அந்தக் கிணத்துக்குப் போங்க, நாங்க குளத்துக்கு வர்றோம். சம்மதமா?” என்றாள் சடைச்சி. பிறகு ராசாவின் பக்கம் திரும்பினாள்.

“குளத்தோட நாலு படித்துறையும் எல்லாருக்கும். இனிமே தண்ணிக்குச் சட்டம் எழுதுறப்ப, தண்ணி சுமக்கிறவ ஒருத்தி இங்க உட்காரணும். இதுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன்.”

“தந்தேன்,” என்றான் ராசா. சட்ட ஓலையை ராயர் கையாலேயே கிழிக்க வைத்தான். பிறகு சடைச்சியிடம் கேட்டான். “கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா அம்மா?”

“வந்தேன். மக படுத்ததுலேருந்து மூணு தடவை வந்தேன். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கு, அரண்மனைக்கு உப்பு கொண்டாந்திருக்கேன்னு பொய் சொல்லித்தான் உள்ள வந்தேன்.”

ராசா முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அவள் கை நீளவில்லை.

மறுநாள் விடியலில் தெருவே குளத்தில் இறங்கியது. சடைச்சி மட்டும் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீதானே வாங்கிக் குடுத்தே, எறங்கி வாக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“நீங்க மொண்டுக்கங்கடி. எனக்கு ஒருத்திக்கு எவ்வளவு தண்ணி வேணும்?”

அவள் எழுந்திருக்கும்வரை யாரும் குடத்தைத் தலையில் ஏற்றவில்லை.