மைனஸ் ஒன்று வாங்கிய வேம்புலி

பெரம்பூரில் வேம்புலி என்று ஓர் இஸ்திரிக்காரர். சொந்த வீட்டு ஆசையில் பேங்குக்குப் போய்க் கடன் கேட்டார். மேனேஜர் ரகோத்தமன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

“உன் கிரெடிட் ஸ்கோர் மைனஸ் ஒண்ணுய்யா!”

“பள்ளிக்கூடத்துல முட்டைதான் சார் வாங்கினேன். அதுக்கும் கீழ இறங்கிட்டேனா?”

“நீ எங்கேயும் கடனே வாங்கலை. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாதானே உன்னை நம்பலாம்?”

வேம்புலி தலையைச் சொறிந்தார். “நான் மக்கு சார், தப்பா கேட்டா மன்னிச்சுடுங்க. பதினெட்டு வருஷமா என் ரெண்டு லட்சம் உங்ககிட்ட டெபாசிட்டா கெடக்குது. அதைக் குடுக்கும்போது உங்க ஸ்கோர் என்னன்னு நான் கேட்கவே இல்லையே!”

வரிசையில் நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். மேனேஜர் வேறு வழியில்லாமல், அந்த டெபாசிட்டின் பேரிலேயே ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தார். வேம்புலி அதில் மாதாமாதம் மளிகை வாங்கினார். தேதி தவறாமல் கட்டினார்.

ஒரு வருஷத்தில் ஸ்கோர் எழுநூற்று அறுபது. மேனேஜர் எழுந்து நின்று வீட்டுக் கடனுக்கான முன் ஒப்புதல் கடிதத்தை நீட்டினார். “நாணயமானவர் சார் நீங்க!”

“அப்படி என்னய்யா பண்ணே?” என்று வீட்டில் கடிதத்தைப் பார்த்துக் கேட்டாள் மனைவி.

“என் பணத்தை நானே கடன் வாங்கி நானே கட்டினேன். நல்லவனாயிட்டேனாம். சும்மா நல்லவனா இருந்த பதினெட்டு வருஷமும் மைனஸ்ல போச்சு!”