நீர் பிரியும் மாத்திரை

ரத்தக் கொதிப்புக்கான மூன்று மாத்திரைகளில் எது மேல் என்று டாக்டர் சுகிர்தராஜ் ஒரு வருடமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் குரு, அவரைவிட ஆறு வயது இளையவரான டாக்டர் ஹெப்சிபா.

ஒரு நாள் காலை சுகிர்தராஜ் கொதித்துப்போய் வந்தார்.

"மூணுல நீர் பிரியற மாத்திரைதான் மேல், மேடம். ஆனா இந்தம்மா ஒருத்தி எல்லாத்தையும் கெடுக்கறாங்க. பிரஷர் நூத்தித் தொண்ணூறு! மாத்திரையைத் தொடறதே இல்ல. என்னைக்காவது கை கால் விழுந்துடும்."

அவர் பின்னால் முத்துப்பேச்சி தலைகுனிந்து நின்றாள். ஐந்து மாடி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள். ஊருக்கெல்லாம் பட்டு விரிக்கிறவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது.

"கடையில பாத்ரூமுக்கு எத்தனை தடவை விடுவாங்க?" என்றார் ஹெப்சிபா.

"சாப்பாட்டு நேரத்துல ஒருக்க, டாக்டரம்மா. நடுவுல கேட்டா வந்தவங்க முன்னாடியே ஏசுவாங்க."

"கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன?" என்று சீறினார் சுகிர்தராஜ். "உயிர் பெரிசா, ஏச்சு பெரிசா?"

ஹெப்சிபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் முன் வைத்தார்.

"குடிங்க. நின்னுக்கிட்டே நோயாளிகளைப் பாருங்க. சாப்பாட்டு நேரம் வரைக்கும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது."

குடித்தார். இருபதாவது நோயாளி வரை மிடுக்காகத்தான் நின்றார். முப்பதாவது ஆளின் நாடியைப் பிடித்தவர் எண்ண மறந்துபோனார். பதினொன்றரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே!

திரும்பி வந்தபோது முத்துப்பேச்சி இன்னும் பெஞ்சில் காத்திருந்தாள். அவளை நேராகப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வேற மாத்திரை எழுதிடறேன், மேடம். நீர் பிரியாதது. அதுவும் கிட்டத்தட்ட இதே அளவுக்குக் கேக்கும்."

"எழுதுங்க. அப்புறம்? நாள் முழுக்க அடக்கிக்கிட்டே நிப்பா. அதுக்கும் ஒரு மாத்திரை வச்சிருக்கீங்களா?"

சுகிர்தராஜ் மருந்துச் சீட்டை எழுதிக் கிழித்து முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

"இன்னொரு சீட்டு எடுங்க. இது கடை முதலாளிக்கு."

"என்ன எழுதறது?"

"பாத்ரூம். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கையெழுத்துப் போட்டு சீல் வைங்க. சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்தா என்கிட்ட வரச் சொல்லுங்க. நிக்க வச்சே பதில் சொல்றேன்."