குழியானை மேல போட்ட கோலம்

படுத்துட்டியா யாழி? காலை நீட்டு. பெரியம்மா கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும். உன் "ம்" நின்னா என் கதையும் நின்னுரும். இன்னைக்குக் கதையில ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. அப்புறம் முகத்தைத் தூக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். பேரு வேம்பு. உன்னை மாதிரி ரெண்டாம் வகுப்பு. வகுப்புக்குள்ள வாயே திறக்க மாட்டாளாம். டீச்சர் கூப்பிட்டா எந்திரிப்பா, நிப்பா, உக்காருவா. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"ன்னு கேக்காத ஆளில்ல. வீட்லயும் வெறும் தலையாட்டல்தான். அவ அம்மா ஏறாத கோயிலில்ல, கட்டாத தாயத்தில்ல.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எஸ்தர்னு ஒரு டீச்சர் வந்தாங்க. அவங்க வெள்ளிக்கிழமை ஆனா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு, பின்னாடி இருக்கிற கண்மாய்க்கரைக்குப் போயிருவாங்க. அங்க பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது. ஒரு புங்கமரம், சுத்தி புதரு, அம்புட்டுத்தான். "இன்னைக்கு இங்க என்ன இருக்கு, பார்த்துச் சொல்லுங்க"ம்பாங்க. அதான் பாடம்.

"ம்."

என்ன இருந்துச்சு தெரியுமா? புங்கமரத்தடியில பொடிமண்ணு. அதுல குழிகுழியா குழியானைப் பூச்சியோட வீடு. எறும்பு ஓரத்துல காலை வச்சா சர்ர்ர்னு சறுக்கும், உள்ளே இருந்து லபக்! அப்புறம் எருக்கஞ்செடி. அதுல ஒரு கூட்டுப்புழு தொங்கிச்சு, பச்சையா, தங்கப் பொட்டு வச்சு. பிள்ளைங்க அதுக்கு ஜிமிக்கின்னு பேரு வச்சிருந்தாங்க. அப்புறம் காட்டாமணக்குப் புதருல ஒரு தையல்சிட்டு. இலையை மடிச்சுத் தைச்சு, உள்ள மூணு குஞ்சு. கீச் கீச் கீச்.

அங்கதான் வேம்பு வாயைத் திறந்தா. மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டு, "டீச்சர், பதினாலு குழி இருக்கு! போன வாரம் பதினொண்ணுதான்!"ன்னு கத்துனா. எஸ்தர் டீச்சர் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் எல்லா வெள்ளிக்கிழமையும் அவ பேச்சு ஓயல.

"அப்போ நல்ல கதைதானே பெரியம்மா?"

கேளுடி. ஊர்ல நாலு பேரு சும்மா இருப்பாங்களா? "பாடம் நடத்தாம பிள்ளைங்களைப் புழுதியில உருள விடறாங்க"ன்னு மேலே மொட்டைக் கடுதாசி போட்டுட்டாங்க. அப்போ மேலதிகாரி சொல்லி அனுப்பிச்சாரு: "திங்கக்கிழமை நானே வாரேன். வெளியே அப்படி என்னதான் படிக்கிறாங்கன்னு பிள்ளைங்களே காட்டட்டும். உருப்படியா இருந்தா நடக்கட்டும். இல்லைன்னா அன்னைக்கோட நிறுத்தம்."

டீச்சர் வேம்புகிட்ட, "நீதான் காட்டணும்"னாங்க. அவ சரின்னா. வாயைத் திறந்தே சரின்னா!

அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்துச்சு. டீச்சர் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அதிகாரி வாராருன்னா நம்ம ஜனம் என்ன பண்ணும்? சுண்ணாம்பைக் கரைக்கும். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாதான் ஆரம்பிச்சா. "பிள்ளைங்க உக்காருற இடம் காடா கிடக்கே, அதிகாரி என்ன நினைப்பாரு"ன்னு விளக்குமாத்தைத் தூக்கிட்டா. அவளைப் பார்த்து ஊரே கிளம்பிருச்சு. டீச்சரம்மா மேல அம்புட்டுப் பாசம், அதைச் சொல்லணும். சர்க் சர்க்குன்னு பெருக்கினாங்க. எருக்கஞ்செடியை வெட்டினாங்க. புதரைக் குவிச்சுத் தீ வச்சாங்க, பட பட படன்னு எரிஞ்சுச்சு. மரத்துக்கு வெள்ளையடிச்சாங்க. பாதை ரெண்டு பக்கமும் ப்ளீச்சிங் பவுடர் தூவினாங்க. மரத்தடியில சாணி தெளிச்சு, இம்மாம்பெரிய கோலம். நடுவுல 'நல்வரவு'.

அப்போ வேம்பு ஓடியாந்தா. ஆயா முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. மூணு தடவை இழுத்தா. கையைக் காட்டுனா, வாய் துடிக்குது, சத்தம் வரல. ஆயா என்ன சொன்னா தெரியுமா? "பசிக்குதா? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. வேலை செய்யிற இடத்துல குறுக்க வராத"ன்னுட்டா.

அந்த ஆயா யாரு? வேற யாரு, இந்தப் பாவிதான். நீ பிறக்கிறதுக்கு முன்னாடி. ம் கொட்டுடி.

"ம்..."

திங்கக்கிழமை அதிகாரி வந்தாரு. டீச்சரும் அதே நேரம் பஸ்ஸை விட்டு இறங்குனாங்க. அந்த இடத்தைப் பார்த்ததும் அவங்க மூஞ்சி செத்துப்போச்சு. நாங்க அதைக் கவனிச்சோமா? இளநி வெட்டிக்கிட்டு இருந்தோம்.

"எங்க, காட்டும்மா பார்ப்போம்"னாரு அதிகாரி. நல்ல மனுசன்தான், குனிஞ்சுதான் கேட்டாரு. வேம்பு அவரைக் கோலத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனா. உத்து உத்துப் பார்த்தா. மண்ணு இறுகிக் கிடந்துச்சு. "இங்க என்ன?"ன்னாரு. பதில் இல்ல. அப்புறம் எருக்கஞ்செடி நின்ன இடம். வெறும் கட்டை. "இங்க என்ன?"ன்னாரு. பதில் இல்ல. அப்புறம் மூணாவதா புதரு இருந்த இடம். கறுப்பா சாம்பல். மேல கரண்டுக் கம்பியில அந்தத் தாய்ச்சிட்டு உக்காந்து ட்விட் ட்விட் ட்விட்டுன்னு கதறுது. "இங்கயாச்சும் எதாவது இருக்கா?"ன்னாரு. வேம்பு அந்தச் சாம்பலைப் பார்த்துக்கிட்டே, "ஒண்ணுமில்ல"ன்னா.

டீச்சர் ஓடியாந்து, "சார், நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்"னாங்க. "நேத்து இருந்ததை நான் எப்படிம்மா எழுதறது?"ன்னாரு. நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. 'பார்க்கத்தக்க எதுவும் இல்லை. வெளி வகுப்பு இனி வேண்டாம்.' கீழே இன்னொரு வரி. 'ஊர் மக்கள் இடத்தை மிகத் தூய்மையாக வைத்துள்ளனர். பாராட்டுகள்.' அதுக்கு நாங்க கை தட்டினோம் யாழி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கிட்டு, அதுக்குக் கைதட்டு வேற!

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. பிள்ளைங்க உள்ளேயே உக்காந்திருந்தாங்க. வேம்பு எந்திரிச்சா, நின்னா, உக்காந்தா. மத்தியானம் தட்டை நீட்டுனா, நான் முட்டையை வச்சேன். மனசு கேக்கல எனக்கு. "ஏன் கண்ணு, ஆயா மேல கோவமா? உங்களுக்காகத்தானே சுத்தம் பண்ணோம்?"னேன்.

அவ தலையைத் தூக்கி, "நீங்க ஒரு நாளாச்சும் வந்து பார்த்தீங்களா?"ன்னா.

எங்கிட்ட அவ பேசுனதே அம்புட்டுத்தான். என் அடுப்படிக்கும் அந்த மரத்துக்கும் இருபது எட்டு இருக்காது. மாசக்கணக்கா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளைங்க சத்தம் கேட்டுச்சு. கரண்டியைக் கீழ வச்சுட்டு ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா? பார்க்கல. பார்த்திருந்தா அந்தப் பிள்ளை முந்தானையை இழுத்தப்போ எனக்குப் புரிஞ்சிருக்கும்.

"நீங்க அவளுக்கு என்ன சொன்னீங்க பெரியம்மா?"

அடுத்த பிள்ளைக்கு முட்டை வச்சேன். கதை இத்தோட சரி. கேட்ட காதை மூடிக்கோ, கண்ணையும் மூடிக்கோ. தூங்கு.