ஆவணி பதினாறில் நின்ற சரக்கு ரயில்

பிரகாசி டீச்சரின் ரயில் எவ்வளவு நீளம் என்று கேட்டால் தூத்துக்குடியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இஞ்சின் காலை இட்லிக்குக் கிளம்பி மத்தியானச் சோற்றுக்கு வந்து சேரும்போது கடைசி வண்டி இன்னும் பாயில் புரண்டுகொண்டிருக்கும் என்பார்கள். நம்ப வேண்டாம். நாற்பது வண்டிதான். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

அந்தப் பொம்மை ரயில் ஓடுவது உப்பு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கிக்குள். உப்பு போய் முப்பது வருஷம் ஆகியும் சுவர் அதை மறக்கவில்லை. சுவரில் சாய்ந்து டீ குடித்தால் டீ கரிக்கும். இது மட்டும் நிஜம்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. துறைமுகத்தில் பதினைந்து வருஷம் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏறிவிட்டால் மணிக்கணக்காகப் பேச ஆள் கிடையாது. குனிந்தால் பெட்டி, நிமிர்ந்தால் கடல். முதுகு விட்டுப்போய் அவர் இறங்கி வந்தபோது பேச்சில் பாதி மேலேயே தங்கிவிட்டது. மிச்சப் பாதியைக் கேட்கத்தான் ஞாயிறு மத்தியானம் ஏழெட்டுப் பேர் கிட்டங்கிக்கு வந்தார்கள். எல்லாரும் நாற்பத்திமூன்று வயது டீச்சரைவிட மூத்தவர்கள். எல்லாரையும் அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. வாசலில் தொங்கும் சிலேட்டில் என்ன வருஷம் எழுதியிருக்கிறதோ, உள்ளே அந்த வருஷத்து வண்டிதான் ஓடும். அந்த வருஷத்துப் பேச்சுத்தான் பேச வேண்டும். மாதத்துக்கு ஒரு வருஷம்.

அறுபத்துநாலில் தொடங்கினார்கள். அப்போது மூட்டை ஏற்றிய மூடு வேகன்கள். பிறகு தட்டை வண்டி வந்தது, அதன் மேல் இரும்புப் பெட்டி வந்தது. முதலில் ஒன்றிரண்டு, போகப்போக ரயில் முழுக்க. லாரியில் வரும் பெட்டி பூட்டைத் திறக்காமலே ரயிலுக்கு மாறும், ரயிலிலிருந்து கப்பலுக்கு மாறும்.

சட்டத்தைக் காவல் காத்தவர் ஆறுமுகநயினார். கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. எழுபத்தொன்றில் ஒருவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தபோது, "சில்வண்டு" என்று அவர் சமாளித்தும் விடாமல் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்.

இந்தக் கதை தவசிமுத்துவுடையது. வயது எழுபத்திரண்டு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்துநாலாம் வருஷத்தில் அவருக்குப் பதினாலு வயது என்பதால் அந்த மாதம் முழுக்க, "எலேய் தவசி, ஓடிப்போய் டீ வாங்கிட்டு வா" என்று அவரைத்தான் விரட்டினார்கள். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

எழுபத்துநாலில் அவருக்கு மகன் பிறந்தான். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். லிங்கதுரை என்று பெயர் வைத்ததாகச் சொன்னார். எண்பதில் அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதான். எண்பத்தொன்பதில் மீசை அரும்பியது. தொண்ணூற்று நான்கில் டிரெய்லர் லாரி ஓட்டப் போனான்.

"மனுசன் என்னமா நடிக்கான்!" என்று ஆறுமுகநயினாரே வியந்தார்.

தவசிமுத்துவுக்கு லாரி வேலை. ரயில் ஓடும் மேஜையின் ஒரு மூலையில் பொம்மைப் பஞ்சாலை. அங்கிருந்து பெட்டியை டிரெய்லரில் ஏற்றி, சாலை வழியாக விரலால் தள்ளி, யார்டில் ரயிலுக்கு மாற்ற வேண்டும். டிரைவர் இருக்கையில் அரிசி அளவில் ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தார். கண்ணுக்கு மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி.

தொண்ணூற்றாறு முடிந்தது. தொண்ணூற்றேழு எழுத வேண்டிய ஞாயிறன்று ஃபியூஸ் போனது. அடுத்த ஞாயிறு ஒரு தண்டவாளம் பிடுங்கிக் கிடந்தது. மூன்றாவது ஞாயிறு சிலேட்டையே காணோம்.

"கிட்டங்கிக்குள்ள பேய் நுழைஞ்சிட்டு," என்றார் ஆறுமுகநயினார். "வருசத்தை மாத்தப் போனா மட்டும் ஏதாவது ஒண்ணு போயிருது."

"எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றார் டீச்சர். "தவசி அண்ணாச்சி இருக்கட்டும்."

எல்லாரும் போனார்கள். டீச்சர் இஞ்சினைத் துடைத்தபடியே கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க வயிறு ஏன் சதுரமா இருக்கு?"

தவசிமுத்து சட்டைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இருந்த உடம்பெல்லாம் தரைக்கு இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

"லிங்கதுரை நடிப்பு இல்ல டீச்சர்."

"தெரியும்."

"தொண்ணூத்தாறுலதான் போனான். ரெண்டு ராத்திரி தூங்காம ஓட்டிட்டு, மூணாம் நாளும் வண்டியில ஏறிட்டான். எட்டயபுரம் தாண்டி கண்ணு அசந்துட்டு. பாலத்துக் கட்டையில மோதிட்டான்."

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார்.

"பெட்டிக்கு ஒரு கீறல் கிடையாது, கேட்டுக்கோங்க. வேற லாரி வந்து தூக்கிட்டுப் போச்சு. கப்பலைக்கூட விடல. நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டு."

வெளியே யாரோ டீக்குப் பாலாடை கேட்டுச் சண்டை போடுவது கேட்டது.

"வெளிய அவன் இல்ல. இங்க வந்தா இருக்கான். எழுபத்துநாலுல பெறந்தான், நீங்களும் மிட்டாய் தின்னீங்க. தொண்ணூத்தேழுன்னு எழுதிட்டா இங்கயும் போயிருவான். ரெண்டு தடவை என்னால முடியாது டீச்சர். வருசத்தை எதுக்கு மாத்தணும்?"

"மாத்த வேண்டாம்."

தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாள்ல நிறுத்தட்டும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஆவணி பதினாறு. அன்னைக்குக் காலையில வீட்ல சாப்பிட்டான். புளிச்ச தோசை. இன்னும் ரெண்டு வைய்யின்னு கேட்டு வாங்கித் தின்னுட்டுக் கிளம்பினான். மத்தியானம் வரைக்கும் உசிரோட இருந்தான்."

டீச்சர் சிலேட்டில் எழுதினார். தொண்ணூற்றாறு, ஆவணி பதினாறு. அவரே போய் வாசலில் மாட்டினார்.

அதன்பின் கிட்டங்கியில் நாள் நகரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே ரயில், அதே நாற்பது வண்டி, பஞ்சாலையிலிருந்து அதே பெட்டி. தவசிமுத்து முகம் தெளிந்தது. நுழையும்போதே சொல்வார்:

"பய இப்பத்தான் தோசை தின்னுட்டுப் போறான்."

"வாங்க அண்ணாச்சி," என்பார்கள்.

நான்காவது வாரம், "தெரியும், ரெண்டு தோசை கூட" என்றார்கள். ஆறாவது வாரம் ஆறுமுகநயினார் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"நாளே ஓடாத எடத்துல ரயில் ஓடி என்னத்துக்கு? வருசம் கிளம்பினா ஆள் அனுப்புங்க டீச்சர். வாரேன்."

ஏன் நின்றது என்று டீச்சர் யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பத்தாவது வாரம் இரண்டே பேர்தான். டீச்சர் ரயிலை ஓட்டினார், தவசிமுத்து லாரியைத் தள்ளினார். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சுவர் மட்டும் உப்பை உதிர்த்தது.

தவசிமுத்துவுக்குக் களைப்பு முதலில் தோளில்தான் வந்தது. வயதுக்கு வருவதுதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டார். பிறகு விரலுக்கு வந்தது. விரல் நீள லாரி, தீப்பெட்டி கனம்கூட இருக்காது. அதைத் தள்ள அவருக்கு மூச்சு வாங்கியது. ஒருநாள் வீட்டில் தோசை சுட்ட வாசனை வந்தபோது எழுந்து தெருவுக்குப் போய் நின்றார். காரணம் அவருக்கே புரியவில்லை.

ஒரு ஞாயிறு, சாலையின் பாதியில் லாரி நின்றது. நின்றது என்ன, அவர் விரல் நின்றது.

குனிந்து லாரிக்குள் பார்த்தார். அரிசி அளவு டிரைவர் நேராக உட்கார்ந்திருந்தான். விரல் பட்டுப் பட்டுச் சட்டையின் நிறம் உரிந்துபோயிருந்தது. கண்ணுக்கு வைத்த இரண்டு புள்ளிகள் மட்டும் அப்படியே திறந்து கிடந்தன.

"டீச்சர்."

"ம்."

"இது எத்தனாவது நடை?"

"பதினேழு."

"அவன் அன்னைக்கே ரெண்டு ராத்திரி தூங்கல."

டீச்சர் இஞ்சினை நிறுத்தினார்.

"பதினேழு நடையும் நானே ஏத்தி ஏத்தி அனுப்பியிருக்கேன்," என்றார் தவசிமுத்து. "ஒரு நாள்கூட, எலேய் எறங்கித் தூங்குன்னு சொல்லல."



தவசிமுத்து பெட்டியை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார். காலி லாரியைச் சாலையை விட்டு மெல்ல இறக்கினார். தேங்காய் நாரில் செய்த ஒரு வேப்பமரம் அங்கே நின்றது. அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மிகச் சின்ன தூரிகை ஒன்றை எடுத்து, இரண்டு கறுப்புப் புள்ளிகளின் மேலும் தோல் நிறத்தைத் தடவினார். கொஞ்சம் மூக்கிலும் பட்டது.

டிராயரிலிருந்து வேறொரு லாரியை எடுத்தார். புதுசு, மூக்கில்லாத மொட்டை முகம். பெட்டியை அதன்மேல் வைத்து யார்டுக்குத் தள்ளினார். ரயிலில் ஏற்றினார். டீச்சர் ரயிலைத் துறைமுகம் வரை ஓட்டிப் போனார்.

தவசிமுத்து வாசலுக்குப் போய் உள்ளங்கையில் எச்சில் தொட்டுச் சிலேட்டைத் துடைத்தார். தொண்ணூற்றேழு என்று எழுதினார். கோணலாக வந்தது. திருத்தவில்லை.

"இனி இங்க நான் என்னத்தப் பேச, டீச்சர்?"

"டீ ஆறுது அண்ணாச்சி."

வருஷம் கிளம்பிவிட்டது என்று ஆள் போனது. ஆட்கள் திரும்பினார்கள். ஆறுமுகநயினார் பூதக்கண்ணாடிக்குப் புது உறை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாயிரம் பிறந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரத்துப் பத்தில் தவசிமுத்து இரண்டாம் முறையாக வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், மாலை போட்டார்கள். ரயில் நீண்டுகொண்டே போனது. பெட்டியின் மேல் பெட்டி ஏறி இரண்டு அடுக்கானது. அதற்காக மேலே ஓடிய மின்கம்பியை எல்லாம் உயர்த்திக் கட்டினார்கள். அந்த வேலைக்கே நாலு ஞாயிறு ஆனது.

தவசிமுத்து முன்போல் அதிகம் பேசுவதில்லை. மழை பெய்ததா, தேர்தலில் யார் ஜெயித்தது என்று கேட்டால் சொல்வார்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். இரண்டு அடுக்கு ரயில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறுமுகநயினார் மட்டும் மேஜையின் மறுபக்கம் குனிந்திருந்தார்.

"நிறுத்துங்க! ரயிலை நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள்.

"இங்க பாருங்க கொடுமையை. இந்த மரத்தடி லாரியை. மூக்கு நீட்டின பழைய லாரி! இதெல்லாம் எப்பவோ எடைக்குப் போன வண்டி. பத்தொம்பதுல எப்படிவே நிக்கும்? மேல தூசி வேற. இத்தனை வருசமா யார் கண்ணுலயும் படலியா?"

சிலர் டீச்சரைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு ஒண்ணை விட்டா நாளைக்கு மாட்டு வண்டி வந்து நிக்கும். சட்டம்னா சட்டம். டீச்சர், சொல்லுங்க, இது எந்த வருசத்து வண்டி?"

சொல்லிக்கொண்டே லாரியைத் தூக்க விரலை நீட்டினார். தவசிமுத்து எதிர்ப்பக்கம் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் எழுந்து வந்தார். ஆறுமுகநயினாரின் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாக மேஜைக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். பிறகு குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. தூங்குற பிள்ளைய எழுப்பியா வருசம் கேக்கது?"