மரங்கொத்தி வைத்த புதிர்

குளக்கரைப் பறவைகளுக்குப் பொந்து குடைந்து தருவது செங்கொண்டை என்ற மரங்கொத்தியின் தொழில். “பொந்து வேண்டுமா? இலுப்பை மரத்து உச்சிக்கு வரவும்” என்று கரையோரப் பட்டமரத்தில் கொத்தி வைத்திருந்தாள். அதுவே வினையாகப் போயிற்று.

எங்கே முகவரி எழுதியிருந்தாலும் மனப்பாடம் செய்வதுதான் கரியன் காக்கையின் பிழைப்பு. பிறகு கூட்டத்தோடு வந்து கத்துவான்.

“கொண்டை கொட்டுதா? எங்க தைலம் தடவுங்க!”

“உங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு! மயில் ராஜா புதையல்ல பாதி உங்களுக்குத்தான்!”

செங்கொண்டைக்குத் தலை கிறுகிறுத்தது. உடனே வாசலை ஒட்டிய அகன்ற கிளையில் கூழாங்கற்களைப் பரப்பினாள். “ஆமை முதுகு போலிருக்கும் கற்களை மட்டும் தொட்டால்தான் உள்ளே அனுமதி!” என்று அறிவித்தாள். தன் மூளையை நினைத்துத் தானே பூரித்துப் போனாள்.

முதலில் வந்தது ஒரு மைனா. மூச்சிரைக்க ஒரு கல்லைத் தொட்டது.

“தப்பு!” என்றாள் செங்கொண்டை, தலையைக்கூட வெளியே நீட்டாமல்.

“அக்கா, முட்டையிடுற நேரம்! மழை வேற இருட்டிக்கிட்டு வருது!”

“சட்டம்னா சட்டம்தான்! போயிட்டு நாளைக்கு வா!”

மைனா அழுதுகொண்டே பறந்தது. அடுத்து வந்த கரியன் கண்ணை மூடிக்கொண்டு ஆமை முதுகுக் கற்களை மட்டும் சரியாகத் தொட்டான். அவனுக்கு வேறென்ன வேலை?

“அக்கா, கொண்டை கொட்டுதா?”

செங்கொண்டைக்குச் சுருக்கென்றது. வரவேண்டியவளை விரட்டிவிட்டு, வரக்கூடாதவனை உள்ளே விட்டிருக்கிறாள்! மைனாவைக் காடெல்லாம் தேடினாள். காணோம்.

நேரே பட்டமரத்துக்குப் போய் முகவரி இருந்த பட்டையை உரித்தெறிந்தாள். “பொந்து வேண்டுவோர் இங்கே இரண்டு தட்டு தட்டவும். நானே வருகிறேன்” என்று எழுதினாள். மரத்தின் பின்பக்கம் முட்புதர். பொந்து தேடி வருகிறவர் யாரும் அதற்குள் தலையை விடமாட்டார்கள். அங்கே பொடியாக, “செங்கொண்டையின் புது ரகசிய வீடு: ஆலமரத்துப் பெரிய பொந்து” என்று கொத்தி வைத்தாள்.

வீட்டுக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில், டொக்! டொக்!

அதே மைனா! செங்கொண்டை விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். “என்னை நாலு திட்டு திட்டும்மா!” என்றாள்.

“அதெல்லாம் அப்புறம்! முதல்ல குடைங்க அக்கா!”

முதல் தூறல் விழும்போது மைனா பொந்துக்குள் இருந்தது. முட்டையும் வந்தது.

கரியனோ முட்புதருக்குள் புகுந்து புது முகவரியைப் படித்துவிட்டு, ஆலமரத்துக்குப் போய்க் கத்தினான். “கொண்டை கொட்டுதா?”

உள்ளே பகல் தூக்கத்திலிருந்த ஆந்தை எழுந்து வந்தது. அதற்கு மண்டையில் சொட்டை.

“யாருக்குடா கொட்டுது?”

அன்று முதல் கரியன்தான் மொட்டையான தன் வாலுக்குத் தைலம் தேடி அலைகிறான்.

தொல்லைக்காரனைத் தடுக்கப் போடும் முள்வேலி, நம்மை நம்பி வருகிறவர் காலைக் குத்தக் கூடாது.