முதுகுப் பக்கத்து ஊர்

வளைகுன்றம் சிறிய நாடு. சுற்றிலும் மலை, வெளியேற இரண்டே கணவாய்கள். கிழக்கே இருப்பது கீழைவாயில், மேற்கே இருப்பது மேலைவாயில். பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வோர் ஆண்மகனும் மூன்றாண்டு வாயிற்காவல் நிற்க வேண்டும் என்பது அந்நாட்டின் சட்டம். கிழக்கே பிறந்தவன் மேற்கே நிற்க வேண்டும். மேற்கே பிறந்தவன் கிழக்கே. தன் வீட்டுப் புகை கண்ணில் பட்டால் காவலன் இறங்கிப் போய்விடுவான் என்று முதல் அரசன் கருதியிருந்தான்.

அந்நாட்டின் படைத்துறைச் செயலர் நெடுவேளன் ஒருநாள் காலை தம் ஆசிரியையைத் தேடி மடத்துக்கு வந்தார். ஆசிரியையின் பெயர் சேந்தி. மாணவரைவிட வயதில் இளையவர். அதைப் பற்றி இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

சேந்தி கொட்டிலில் ஓர் எருமையின் காலைத் தூக்கிப் பிடித்து, குளம்பில் தைத்திருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆசிரியரே, ஒரு கேள்வி.”

“மெல்லச் சொல்லுங்கள். இப்போதுதான் அசையாமல் நிற்கிறது.”

நெடுவேளன் குரலைத் தாழ்த்தினார். “காவலுக்குப் போகும் பிள்ளைகள் திரும்பி வருவதில்லை.”

“போரா?”

“போர் என் பாட்டனார் காலத்தோடு முடிந்துபோயிற்று. இவர்கள் ஓடிவிடுகிறார்கள். மேலைவாயிலைக் காக்க நிற்பவன் அந்த வாயில் வழியாகவே இறங்கி அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறான். சட்டத்தைத் திருத்தித் தருமாறு மன்றம் என்னைப் பணித்திருக்கிறது.”

“எப்படித் திருத்தப் போகிறீர்கள்?”

“ஓடிப்போனவன் வீட்டுக்கு ஏரிநீரில் பங்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த அச்சத்தில் பெற்றோரே மகனைக் கட்டுப்படுத்தி வைப்பார்கள்.”

“அதற்குப் பிறகும் ஓடினால்?”

“வயல் காயும்.”

“யாருடைய வயல்?”

நெடுவேளன் மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

“விடையோடு வந்திருக்கிறீர்கள்” என்றார் சேந்தி. “கேள்வி எங்கே?”

செயலர் கொட்டிலுக்குள் ஓரடி வந்தார்.

“என் மகன் எயினனுக்கு வரும் மாதம் பதினெட்டு நிறைகிறது. மேலைவாயிலுக்குப் போக வேண்டும். ‘போகிறேன், ஆனால் அங்கே நிற்க மாட்டேன், மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிடுவேன்’ என்கிறான். சட்டத்தைக் கடுமையாக்கினால் முதலில் காய்வது என் வயல்தான். தளர்த்தினால், பெற்ற பிள்ளைக்காகத் தளர்த்தினான் என்று மன்றமே சிரிக்கும். வயல் போனால் போகட்டும். அவன் போய்விட்டால் மறுபடி நான் அவனைப் பார்க்க முடியாது. நான் என்ன செய்வது?”

முள் வெளியே வந்தது. சேந்தி எருமையின் காலை மெல்லக் கீழே விட்டுக் கைகளைக் கழுவினார்.

“மேலைவாயிலை நீங்கள் பார்த்ததுண்டா?”

“மூன்றாண்டு பார்த்தேன். நானும் அங்கேதான் நின்றேன்.”

“அதன் பிறகு?”

“செயலருக்கு அங்கே என்ன வேலை? செய்திதான் ஒழுங்காக வருகிறதே.”

“வாருங்கள், போவோம்” என்றார் சேந்தி.

இரண்டு கோவேறு கழுதைகளில் அவர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள்.

மேலைவாயிலின் அடிவாரத்தில் சுனைப்பட்டி என்றோர் ஊர் இருந்தது. அவ்வூர்ப் பெண்கள் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். படைவீட்டுக்கு அரிசி அனுப்புவது அவ்வூரின் கடமை. அயலார் இருவரைக் கண்டதும் ஒருத்தி உலக்கையை நிறுத்தினாள்.

“மேலேயா போகிறீர்கள்? அங்கே இருக்கிற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

“அரிசி கொண்டுபோகும்போது நீங்களே பார்க்கலாமே?” என்றார் நெடுவேளன்.

“நன்றாகச் சொன்னீர்கள். பாதி வழியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மேலே ஏறினால் பிடித்துக் கட்டிவைப்பார்களாம். சாமிக்குப் படைப்பதுபோல வைத்துவிட்டு வருகிறோம்.”

“சாமி சாப்பிடுகிறதா?” என்று கேட்டார் சேந்தி.

“மூட்டை காலியாகிறது. பிள்ளைகள் சாப்பிடுகிறார்களோ, குரங்கு சாப்பிடுகிறதோ!”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நெடுவேளன் சிரிக்கவில்லை. அந்த விதியில் கையொப்பம் இட்டவர் அவர்தாம்.

கணவாயின் உச்சியில் வாயில் தலைவன் மல்லன் அவர்களை எதிர்கொண்டான். பருத்த உடலும் உரத்த குரலும் கொண்டவன். செயலரே நேரில் வந்துவிட்டதில் அவனுக்குப் பெருமை. காவற்கல்லை முதலில் காட்டினான். அது ஆசனம் போலச் செதுக்கிய கருங்கல். அதன் சாய்வு நாட்டின் பக்கமும் முகப்பு எல்லையின் பக்கமும் இருந்தன.

“இதில் அமர்பவன் பகைநாட்டை மட்டுமே பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் அன்று அவனுக்குக் கஞ்சி இல்லை. முதல் அரசன் வகுத்த முறை, இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை” என்றான்.

கல்லில் கொற்றன் என்னும் இளைஞன் அமர்ந்திருந்தான். பின்னால் மூவர் வந்து நிற்பது தெரிந்தும் அவன் திரும்பவில்லை.

சேந்தி கல்லின் அருகே தரையில் அமர்ந்தார்.

“என்ன தெரிகிறது, தம்பி?”

“பகைநாடு, அம்மா.”

“அது மனப்பாடம். கண்ணுக்கு என்ன தெரிகிறது?”

“தலைவர் பக்கத்தில் இருக்கிறாரா?”

“இருக்கிறார்.”

“அப்படியானால் பகைநாடுதான் தெரிகிறது.”

“வாயைப் பார்! கேட்டதற்குப் பதில் சொல்லடா” என்றான் மல்லன்.

அனுமதி கிடைத்ததும் கொற்றனின் குரல் மாறியது.

“அதோ, ஆலைப்பாடி. புகைகிறதே, அது கரும்பாலை. இன்றைக்குப் பாகு காய்ச்சுகிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாசனை வரும். வந்தால் எவனுக்கும் கஞ்சி இறங்காது. சிவப்புக் கூரை, கொல்லன் வீடு. அவன் மகள் செம்பிக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனான். கால் சற்றுச் சாய்த்துத்தான் நடக்கிறான். ஆனால் நல்லவன், வந்ததும் வராததுமாக மாமியார் தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கிவைத்தான்.”

“செம்பி என்பது உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நாங்கள் வைத்த பெயர். அந்த ஊரில் எல்லோருக்கும் வைத்திருக்கிறோம். ஆலை முதலாளிக்கு நம் தலைவர் பெயர்.”

“என் பெயரா? ஏன்?” என்றான் மல்லன்.

“அவரும் உரத்துப் பேசுவார் போலிருக்கிறது, தலைவரே. அவர் கையை வீசினால் மாடு நகர்ந்து நிற்கிறது.”

சேந்தி சிரித்துவிட்டார். நெடுவேளன் கேட்டார்: “இங்கிருந்து ஓடிப்போனவர்கள் எங்கே?”

“பண்ணனைக் கேட்கிறீர்களா? அதோ, பாகுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறானே, அவன்தான். சந்தை நாளில் இந்தப் பக்கம் பார்த்துக் கையசைப்பான்.”

“நீயும் அசைப்பாயோ?” என்று மல்லன் உறுமினான்.

“தலையைத் திருப்பக் கூடாது என்றுதான் விதி, தலைவரே. கையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.”

மல்லன் செயலரைப் பார்த்தான். அதற்கும் ஒரு விதி எழுதுங்கள் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

சேந்தி கேட்டார்: “தம்பி, உன் முதுகுப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறதே, அதற்குப் பெயர் என்ன?”

“ஊரா?” கொற்றனின் கழுத்து அசைந்தது, தலை திரும்பவில்லை. “அங்கே ஊர் இருக்கிறதா?”

“நீ உண்ணும் அரிசி அங்கிருந்துதான் வருகிறது.”

“பாறையில் இருக்கும். இருட்டிய பிறகு போய் எடுத்துவருவோம்.”

“காவலுக்கு வந்த அன்று அந்த ஊர் வழியாகத்தானே ஏறியிருப்பாய்?”

“எங்களைக் கண்ணைக் கட்டி அழைத்துவந்தார்கள், அம்மா. வழி தெரிந்தால் வீட்டுக்கு ஓடிவிடுவோமாம்.”

கீழே ஆலைப்பாடியில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

சேந்தி எழுந்து, நெடுவேளனின் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் இந்தக் கல்லில் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் ஏன் ஓடவில்லை?”

“சூளுரைத்திருந்தேன்.”

“பண்ணனும் உரைத்தானே?”

“நாட்டின் மேல் எனக்கு…” என்று தொடங்கிய நெடுவேளன் நிறுத்திக்கொண்டார். ஆலையின் புகையை வெகுநேரம் பார்த்தார்.

“அப்போது இந்த ஊர் இல்லை” என்றார். “எதிரே முள்காடு. கண்ணுக்கு எட்டிய வரை முள்காடுதான். மூன்றாண்டும் அதையே பார்த்தேன். போவதற்கு இடம் இல்லை. ஆகவே திரும்பிவந்தேன். வந்ததற்கு மன்றத்தில் மாலை போட்டார்கள்.”

மல்லனுக்குப் பொறுக்கவில்லை. “அப்படியென்றால் ஓடியவர்கள்மேல் தவறே இல்லை என்கிறீர்களா? விட்டால் கல்லைப் பெயர்த்துத் திருப்பிப் போடச் சொல்வீர்கள். பிறகு பகைவரை யார் பார்ப்பது?”

“அவர்களுக்குக் காவல் உண்டா?” என்று சேந்தி கேட்டார்.

“உண்டு. அந்த ஓட்டுக் கொட்டகைதான்.”

கொட்டகையின் முன்னால் ஒருவன் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தான். அவன் முதுகு கணவாயின் பக்கம் இருந்தது. முகம் ஆலையைப் பார்த்திருந்தது.

“அவன் எப்போதும் அப்படித்தான், அம்மா” என்றான் கொற்றன். “எங்கள் பக்கம் ஒரு நாளும் திரும்பியதில்லை.”

“அந்தப் பக்கத்திலிருந்து எவனாவது நம் நாட்டுக்குள் ஓடிவந்ததுண்டா?” என்று சேந்தி மல்லனைக் கேட்டார்.

“இங்கே அவனுக்கு என்ன இருக்கிறது, ஓடிவர?” என்றான் மல்லன்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவன் செயலரைப் பார்க்காமல், கொற்றனின் ஈட்டி சரியாகச் சாத்தப்படவில்லை என்று கடிந்துகொண்டு அப்பால் போனான்.

இறங்கும் வழியில், அரிசி மூட்டை வைக்கும் பாறையருகே நெடுவேளன் கழுதையை நிறுத்தினார்.

“நீர்ப்பங்கு நிறுத்தத்தை எடுத்துவிடுகிறேன். மூன்றாண்டில் முதல் ஆண்டு வாயில் வேண்டாம். பிள்ளைகள் ஊர்களில் இருக்கட்டும். ஏரிக்கரை கட்டட்டும், நெல் சுமக்கட்டும், அந்தப் பெண்களிடம் வசவு வாங்கட்டும். பிறகு பட்டப்பகலில், கண்ணைத் திறந்துகொண்டு மேலே ஏறட்டும். கல்லில் அமர்பவன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.”

“மன்றம் ஏற்குமா?”

“எளிதில் ஏற்காது. மகனுக்காகச் செய்கிறான் என்பார்கள்.”

“மகனுக்காகத்தானே செய்கிறீர்கள்?”

நெடுவேளன் தயங்கினார். “ஆம்.”

“அப்படியானால் ஆம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு சீக்கிரம் முடியும்.”

செயலரின் முகம் ஒரு கணம் தெளிந்தது, மறுபடி வாடியது.

“சட்டம் மாறப் பல மாதங்கள் ஆகும், ஆசிரியரே. எயினன் வரும் மாதமே இங்கே வந்துவிடுவான். பழைய முறைப்படி கண்ணைக் கட்டித்தான் அழைத்துவருவார்கள். அந்தக் கல்லில்தான் உட்காருவான். நான் எழுதப்போகும் சட்டம் யார் யார் பிள்ளையையோ நிறுத்திவைக்கும். என் பிள்ளையை நிறுத்தாது.”

சேந்தி கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி நின்றார்.

“ஓடிப்போன பிள்ளைகளில் யாராவது அதை முன்பே வீட்டில் சொன்னதுண்டா?”

“இல்லை. ஒவ்வொரு தகப்பனையும் நானே அழைத்து விசாரித்தேன். ஒருவனும் ஒரு சொல் சொல்லவில்லை.”

“எயினன் சொல்லியிருக்கிறான்.”

“சொன்னான்.”

“சொல்லும்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்?”

“என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.”

“நீங்கள்?”

“எழுதிக்கொண்டிருந்த சட்டத்தை” என்ற நெடுவேளன், கழுதைமேல் ஏறி அதை வீட்டை நோக்கி விரட்டினார்.